ஆறு எல்லைக்கோடுகள்

பிலோமிக்கு இரண்டு கெண்டைக்காலும் கல்லாய் இறுகிக்கொண்டு வந்தன. இத்தனைக்கும் காலையிலிருந்து அவள் கட்டிலைவிட்டு இறங்கவே இல்லை. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூருக்குப் பந்தயத்தில் ஓடி வந்துகொண்டிருந்தவர் வேதரத்தினம். வலி மட்டும் இவளுக்கு.

அலுப்புக்கடத்தி என்ற கருவி வந்த பிறகு எழுபது வயசுக்காரர்கள்கூட அந்தச் சாலையில் குதிரை மாதிரி ஓடினார்கள். ஓடுகிறவர் கழுத்தில் ஒரு பட்டை, எல்லைக்கோட்டருகே கூடாரத்தில் படுத்திருக்கும் சுமையாளி கழுத்தில் ஒரு பட்டை. ஓடுகிறவர் தன் பட்டையின் குமிழைத் திருப்பினால், அங்கே ஏறும் களைப்பு இங்கே இறங்கும். உப்பளத்தில் முப்பது வருஷம் கூடை சுமந்தவளுக்கு இது படுத்துக்கொண்டே பார்க்கிற வேலை.

தொடை வெடித்துவிடும் போலிருந்தது. மூச்சு எரிந்தது. பிறகு, எப்போதும்போல, சட்டென்று எல்லாம் விட்டது. அவர் எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டார். நெஞ்சுக்குள் என்னவோ பொங்கிவர, பிலோமி வாய்விட்டு அழுதாள்.

வேதரத்தினம் உள்ளே வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர். வழக்கம்போல ஒரு பொட்டலம் கருப்பட்டியை நீட்டினார்.

“மன்னிச்சுக்கம்மா. ஆறு பந்தயத்துலயும் உன்னை அழ வச்சிட்டேன். போதும், நிறுத்திக்கிடுதேன். எனக்கும் இதுல ஒண்ணுமில்ல. கோட்டைத் தாண்டினா பஸ்ஸைவிட்டு இறங்கினமாதிரிதான் இருக்கு.”

பிலோமிக்குத் திக்கென்றது. அப்போ அந்த நிமிஷம் இனிமேல் கிடைக்காதா? வாயில் போட்ட கருப்பட்டியைக் கன்னத்தில் ஒதுக்கினாள்.

“நான் வலியில அழலய்யா. சந்தோஷத்துல அழுதேன்.”

“என்னது?”

“வலி வாற வழியாத்தான் அதுவும் வருது. உங்க சந்தோஷந்தான் அது. நாந்தான் சொல்லல.”

அவர் கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டார். “எப்படி இருக்கும்?” என்றார்.

“கடைசிக் கூடைய இறக்கினதும் கழுத்து தானா மேல எந்திரிக்கும். அப்படி.”

“ஆறு தடவையும் என் கருப்பட்டிய வேற தின்னுருக்க!”

“நல்ல கருப்பட்டிய்யா அது.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “வலியோட ஓடுத பழக்கம் எனக்கு விட்டுப்போச்சு. அடுத்த வருஷம் நீ ஓடு, நான் படுத்துக்கிடுதேன். திருப்பிக் குடுத்திரு.”

வருஷம் முழுக்க பிலோமி பட்டையில்லாமல் ஓடிப் பழகினாள். அறுபத்தாறு வயதில் தனக்கும் கால் இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

பந்தயத்தன்று கூடாரத்தில் வேதரத்தினம் கண்மூடிக் காத்திருந்தார். அவள் பட்டையின் குமிழைத் திருப்ப வேண்டியதுதான் பாக்கி. ஆத்தூரில் திருப்பலாம் என்றிருந்தாள். அங்கே தொடை எரிந்தது. அது அவளுடைய தொடை. ஆறுமுகநேரி வரட்டும். காயல்பட்டினம் தாண்டட்டும். கோடு கண்ணில் பட்டபோதும் விரல் குமிழின்மேல்தான் இருந்தது. விரல் அசையவில்லை. கால் ஓடியது.

தார்ச்சாலையில் உட்கார்ந்து ஆசைதீர அழுதுவிட்டு, கூடாரத்துக்குள் போனாள்.

“என்னம்மா, ஒண்ணும் வரலியே? மிஷின் கோளாறா?”

முந்தினநாளே வாங்கி வைத்திருந்த கருப்பட்டிப் பொட்டலத்தை நீட்டினாள். “மன்னிச்சுக்கிடுங்கய்யா.”

வேதரத்தினத்துக்கு அவள் தரவேண்டிய ஆறு எல்லைக்கோடுகளின் சந்தோஷமும் அப்படியே பாக்கி நின்றது.