இமைத்தால் போய்விடுவான்

இழுத்த மூச்சை அவன் இன்னும் விடவில்லை. மதியம் மூன்று மணி வெயில் திரைச்சீலையின் கிழிசல் வழியே கட்டில்மேல் விழுந்திருந்தது. அறையெங்கும் மருந்தும் பினாயிலும் பல நாள் மாற்றாத போர்வையும் கலந்த வாடை. சமையலறைக் குழாய் ஒரே சீராகச் சொட்டிக்கொண்டிருந்தது. போர்வைக்குக் கீழே எழும்பிய கணவனின் மார்பு எழும்பியபடியே நின்றது. நாற்பது சொட்டுவரை எண்ணிவிட்டாள். கண் எரிந்து, தன்னையறியாமல் இமைத்தாள். மார்பு ஒரு விரற்கடை இறங்கியது. மறுபடி விழித்துப் பார்த்தாள். அங்கேயே நின்றுவிட்டது.

வேறு யாராக இருந்தாலும் அலறி அக்கம்பக்கத்தைக் கூட்டியிருப்பார்கள். இவளுக்குப் புரிந்துவிட்டது, அதுதான் வம்பு. பன்னிரண்டு வருடமாக ஓர் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் அணுக்களை முறைத்துப் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறாள். தானாக நிலை மாறிவிடக்கூடிய ஓர் அணுவை இடைவிடாமல் அளந்துகொண்டே இருந்தால் அது மாறாமல் அப்படியே நிற்கும்; அளப்பதை நிறுத்தினால் மாறிப் போய்விடும். அங்கே பார்ப்பது லேசர் ஒளி, மனிதக் கண் அல்ல. அணுவுக்கு நடப்பதெல்லாம் ஆளுக்கு நடக்காது என்று புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு இவளேதான் சொல்லிக்கொடுப்பாள். இன்று அது மறந்தே போயிற்று. காலையில் வந்த டாக்டர், "இன்னிக்குப் பொழுது தாண்டாதும்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

தாண்டும். இமைக்காமல் இருந்தால் தாண்டும். இரண்டு கண்ணையும் ஒன்றாக மூடினால்தானே ஆபத்து? ஆய்வுக்கூடத்தில் ஷிப்ட் போடுவதுபோல வலது கண்ணுக்கு ஓய்வு கொடுத்து இடது கண்ணால் பார்த்தாள். பிறகு இடதுக்கு ஓய்வு. அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் ஒருநாளும் இவனை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

மூச்சு நின்றால் வலியும் நின்றுவிடும் என்று நினைத்திருந்தாள். வலி நின்றுதான் இருந்தது, உச்சியில். விலாவைப் பிளக்கும் அந்த வலி வரும்போது அவன் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். சற்று நேரத்தில் தணிந்துவிடும். இப்போது தணியவே இல்லை. போர்வையைக் கவ்விய விரல்களில் நகக்கண்கள் வெளுத்திருந்தன. காலையில் மூடிய கண்ணோடு கெஞ்சியிருந்தான். "முடியலடி. என்னை விட்டுடு." அவளுக்கு விட மனசு வரவில்லை. அதற்கு அன்பு என்று பெயர் வைத்துக்கொண்டு நாற்காலியைக் கட்டிலுக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

வாசற்படியில் காலடிச் சத்தம். அவனுடைய தங்கை.

"அண்ணி, காலையிலேருந்து பட்டினி கிடக்கிறீங்க. ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு வாங்க, நான் அண்ணன்கிட்ட இருக்கேன்."

"அப்புறம்."

"நீங்க இப்படி முறைச்சுக்கிட்டே இருந்தா அவரு எப்படி நிம்மதியா போவாரு?"

சொல்லிக்கொண்டே உள்ளே வந்த நாத்தனார், உரிமையோடு அவள் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். ஒரே நொடி. அழுது வீங்கிய முகம் ஒன்று தெரிந்தது. முதுகுக்குப் பின்னால், கட்டிலிலிருந்து, மூச்சு வெளியேறும் நீண்ட சத்தம்.

பதறித் திரும்பினாள்.

அவன் கண்கள் திறந்திருந்தன. மூன்று நாளாக மூடிக்கிடந்த கண்கள். போய்ச் சேர அந்த ஒரு நொடி அவனுக்குத் தாராளம். அவன் போகவில்லை. அந்த நொடியை இதற்குச் செலவழித்திருந்தான்.

அவளையே பார்த்தான். கெஞ்சல் எதுவும் அதில் இல்லை.

கை எழவில்லை. கழுத்து திரும்பவில்லை. வலது கண்ணுக்கு ஓய்வு கொடுக்கப் பார்த்தாள். இமை இறங்கவில்லை. பதற்றத்தில் இழுத்த மூச்சு நெஞ்சிலேயே நின்றது. முதலில் பாரம். பிறகு நெருப்பு. இதைத்தான் இவ்வளவு நேரமும் அவனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இமைக்க வேண்டும். ஒரே ஒரு தரம். இமைத்தால் அவன் போய்விடுவான். போகட்டும்.

முடியவில்லை. அவனாலும் இனி இமைக்க முடியாது. அவள்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாளே.

நாத்தனார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"கண்ணு முழிச்சிட்டாரே, அதுவே போதும் அண்ணி. எவ்வளவு ஆசையா பாக்கிறாரு பாருங்க. நீங்க ரெண்டு பேரும் இருங்க. நான் யாரையும் உள்ள விடமாட்டேன்."

கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

மருந்துப் புட்டியின் மேல் சுற்றிக்கொண்டிருந்த ஈ ஒன்று பறந்து வந்து அவள் கன்னத்தில் உட்கார்ந்தது. மேலே ஏறியது. திறந்த கண்ணின் வெள்ளையில் நின்று முன்னங்கால்களைத் தேய்த்துக்கொண்டது. பிறகு, அவசரமில்லாமல், கருவிழியை நோக்கி நடந்தது.