சோதனையில் எரிந்த விளக்கு

சர்வேயர் வீட்டு முன்னறையில், நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார் பெரியவர். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்து வண்டிகளைப் பார்த்துப் பார்த்தே நரைத்தவர் சர்வேயர். பக்கத்தில் அவருடைய மனைவியின் தம்பி, கழுத்தில் காமிராவோடு துடிப்பாக நின்றார். அவருக்கு போட்டோ ஸ்டுடியோ தொழில், துப்பறிவது ஆசை.

பெரியவர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். அவர் மகன் பள்ளி வேன் ஓட்டுகிறவன். போன வாரம் இருட்டிய நேரத்தில் தன் மோட்டார் சைக்கிளில் வந்தவன், சாலையைக் கடந்த ஒரு தையல்காரர் மேல் மோதிவிட்டான். அவருக்குக் கால் முறிந்தது. வந்த வண்டியில் விளக்கே எரியவில்லை என்கிறார் அவர். போலீஸ் சோதித்தபோதோ விளக்கு பளிச்சென்று எரிந்தது. அப்படியானால் மகன் விளக்கைப் போடாமல் ஓட்டியிருக்க வேண்டும். மகனும் அதையே ஒப்புக்கொண்டுவிட்டான். இனி லைசென்ஸ் போகும். அதோடு வேன் வேலையும் போகும்.

"பொய் சொல்றான். இருட்டினா அவன் கை தானா சுவிட்சுக்குப் போகும். இது மாப்பிள்ளை செஞ்ச வேலை. நீங்க நிரூபிச்சுக் குடுங்க."

மாப்பிள்ளை எலெக்ட்ரிக் கடையில் வேலை செய்பவர். விளக்கு மங்கலாக இருக்கிறதென்று, மைத்துனனுக்காக அவரே முற்றத்தில் உட்கார்ந்து பேட்டரியிலிருந்து நேராக விளக்குக்குப் புது வயர் இழுத்துக் கொடுத்திருந்தார். விபத்துக்குப் பிறகு அவர் வாசற்படி மிதிக்கக் கூடாதென்று பெரியவர் சொல்லிவிட்டார், அவர் ஒரு தடவை சொன்னால் சொன்னதுதான். மகள் போனில் அழுகிறாள்.

மறுநாள் பெரியவரின் வீட்டுக்குப் போய், சர்வேயர் நிதானமாகச் சுற்றிப் பார்த்தார். கேட்டும் ஜன்னல் கம்பிகளும் கறுப்புப் பெயிண்டில் மின்னின. திருகாணித் தலைகளைக்கூட விட்டுவைக்கவில்லை. இந்த வீட்டில் துரு என்ற பேச்சுக்கே இடமில்லை என்று பெரியவர் பெருமையாகச் சொன்னார். சர்வேயர் கேட்டுக்கொண்டதால் மாப்பிள்ளையையும் வரவழைத்திருந்தார்கள். அவர் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். மகன் தலை நிமிரவில்லை.

"அத்தான், மாப்பிள்ளை முழியைப் பாருங்க. திருட்டு முழி," என்று போட்டோக்காரர் காதைக் கடித்தார்.

"அது பயந்த முழி. உன் அக்கா கூப்பிட்டா எனக்கும் அப்படித்தான் இருக்கும்."

போலீஸ் திருப்பிக் கொடுத்திருந்த வண்டியை ஸ்டார்ட் செய்து சுவிட்சைப் போட்டதும் விளக்கு எரிந்தது. சர்வேயர் ஹேண்டிலை ஆட்டினார், எரிந்தது. டேங்குக்கு அடியில் இரும்புச் சட்டத்தை உள்ளங்கையால் ஓங்கித் தட்டினார். விளக்கு அணைந்தது. மறுபடி தட்டியதும் எரிந்தது.

"மாட்டினார் மாப்பிள்ளை," என்றார் போட்டோக்காரர்.

சர்வேயர் குனிந்தார். விளக்கிலிருந்து வந்த ஒரு கறுப்பு வயரைத் தொட்டுக்கொண்டே போய், அது சட்டத்தோடு முடுக்கப்பட்டிருந்த போல்ட்டைக் கழற்றினார். உள்ளே வெகுநேரம் பார்த்தார். போட்டோ எடுக்கச் சொன்னார். பிறகு எல்லோரையும் அருகில் அழைத்தார், மாப்பிள்ளையையும்.

"விளக்குக்குப் போற கரண்ட் வண்டியோட இரும்பு வழியாத்தான் திரும்பணும். அதுக்கு இந்த வயர் நுனி வெறும் இரும்பைத் தொடணும். மாப்பிள்ளை அரம் போட்டுச் சுரண்டித்தான் வச்சிருக்கார். நுனியில இரும்பு அழுந்தின தடம் இருக்கு. அரம் போட்ட கோடும் இருக்கு, ஆனா பெயிண்ட்டுக்கு அடியில. அவர் வேலை முடிஞ்ச பிறகு யாரோ போல்ட்டைக் கழட்டி, பெயிண்ட் அடிச்சு, காஞ்சதும் திரும்ப முடுக்கியிருக்காங்க. நின்னா எரியும். பள்ளத்துல விழுந்து எழுந்தா அணையும்."

"யாரு அத்தான்?"

"கெடுக்க நினைக்கிறவன் வயரை வெட்டுவான். இது அசிங்கம் தெரியக் கூடாதுன்னு நினைச்சவர் செஞ்சது. போல்ட் தலை வரைக்கும் பூசியிருக்கார்."

யாரும் பெரியவரைப் பார்க்கவில்லை. பெயிண்ட் அடித்தது யார் என்று மகனுக்கும் மாப்பிள்ளைக்கும் முன்பே தெரியும் என்பது அவர்கள் குனிந்து நின்ற விதத்திலேயே புரிந்தது.

"சுரண்டின இடம் துருப்பிடிக்குமே," என்றார் பெரியவர். "நம்ம வீட்டு வண்டி சொறி பிடிச்ச மாதிரி தெருவுல போகலாமா?"

பிறகு உள்ளே போய்ச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். "ஸ்டேஷனுக்குப் போகலாம். நான் சொல்றேன்."

இன்ஸ்பெக்டர் மரியாதையாக நாற்காலி போட்டார். பெரியவர் நின்றுகொண்டே ஒன்றும் மறைக்காமல் சொன்னார். கொண்டுபோன வண்டியை ஸ்டார்ட் செய்து சட்டத்தைத் தட்டிப் பார்த்தார்கள். விளக்கு அசையாமல் எரிந்தது. கழற்றி மாட்டியதில் பெயிண்ட் கிழிந்து, வயர் இரும்பைப் பிடித்துக்கொண்டது. கழற்றாமல் காரணம் தெரிந்திருக்காது. கழற்றியதால் ஆதாரம் போய்விட்டது. சர்வேயர் அதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார். போட்டோவை நீட்டினார்.

"பெயிண்ட்டை எப்போ அடிச்சாங்கன்னு போட்டோ சொல்லாதே சார்," என்றார் இன்ஸ்பெக்டர். பெரியவர் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்துக்கொண்டார். "தப்பா நினைக்காதீங்க ஐயா. பிள்ளையைக் காப்பாத்த எந்த அப்பாவும் இதைத்தான் சொல்வாரு."

தெருவில் இரண்டு வீட்டுக்கிடையே சண்டை என்றால் பெரியவர் சொல்தான் தீர்ப்பு. அந்தச் சொல்லை இன்று ஒருவர் பரிவோடு ஒதுக்கி வைத்தார்.

வெளியே மகனும் மாப்பிள்ளையும் காத்திருந்தார்கள்.

"உள்ள போய் லைட் போட்டிருந்தேன்னு நீயே சொல்லுடா," என்றார் பெரியவர்.

"போடலைன்னு சொல்லிட்டேனேப்பா. நம்ம வீட்ல ஒரு வாட்டி சொன்னா சொன்னதுதானே."

அவன் குரலில் குத்தல் இல்லை. பெரியவர் அதட்டவில்லை, திரும்பி நடந்தார். படியில் கால் தடுமாறியபோது மாப்பிள்ளை அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பெரியவர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.