தராவிட்டால்

மூன்றாவது ஆண்டாக இருவழிக்காட்டி பூஜ்யம் என்றது.

மழலை நலத்துறையின் மாவட்ட அலுவலகத்தில், மூன்றாம் எண் சாளரத்தின் முன்னால் நின்று எஸ்தர் ஜெயக்கனி அந்தச் சீட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமை. பின்னால் வரிசையில் நின்ற தயாபரன் எட்டிப் பார்த்தார்.

"என்ன மேடம், இந்த வருசமும் முட்டையா?"

"உங்களுக்கு எவ்வளவு வந்திருக்கு?"

"எண்பத்தொண்ணு. போன வருசத்தை விட ரெண்டு கூட." சலவைச் சட்டையின் பையைத் தட்டிக்காட்டினார். செங்கல் சூளைப் பிள்ளைகளுக்குப் பகல்நேரக் காப்பகம் நடத்துகிறவர். மாதத்துக்கு ஒரு நாள்தான் அந்தப் பக்கம் போவார் என்று ஊரே சொல்லும்.

இருவழிக்காட்டி இயந்திரம் வந்தபின் அரசு மானியத்துக்குச் சிபாரிசு கிடையாது, நேர்காணல் கிடையாது. மனுவை உள்ளே விட்டால், கிடைத்த பதிவுகளையெல்லாம் படித்து இரண்டு எதிர்காலங்களைக் கணித்துவிடும். உதவி தந்தால் இந்தக் குழந்தைகள் எப்படி இருப்பார்கள், தராவிட்டால் எப்படி இருப்பார்கள். இரண்டுக்கும் உள்ள தூரம்தான் வேறுபாட்டு எண். எண் பெரிதாக இருந்தால் பணம் வரும். பூஜ்யமென்றால் வீட்டுக்குப் போகலாம்.

செவித்துளிர் அறக்கட்டளையில் எஸ்தரின் வேலையே அரசிடமிருந்து நிதி பெற்றுத் தருவதுதான். காது கேளாத நாற்பத்து மூன்று குழந்தைகளைப் பதினெட்டு ஊர்களிலிருந்து தினமும் வேனில் கூட்டிவந்து பேச்சுப் பயிற்சி தருகிற நிலையம் அது. செவிக்கருவி கேட்க வைக்கும், பேச வைக்காது. பேச்சுக்கு நாள் தவறாத பயிற்சி வேண்டும். இரண்டு வாரம் விட்டால், ஆறு மாதம் பாடுபட்டுப் பிடித்த ஒலி நழுவிப் போய்விடும். மே மாதத்துக்கு மேல் அந்த வேன் ஓட வழியில்லை.

சீட்டின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள். 'மாற்று ஆதாரம்: மனை விற்பனை. எதிர்பார்க்கும் மாதம்: ஜூன்.'

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள். புறவழிச் சாலைக்கு அந்தப் பக்கம் அவளுக்கு மூன்று சென்ட் மனை இருந்தது. அதை விற்கலாமா என்று ஒரு யோசனை ஓடியதும் உண்மைதான். ஆனால் அதை அவள் தன் தங்கையிடம்கூடச் சொல்லவில்லை. தெரிந்தவர் ஒரே ஒருவர். அந்த மனையைப் பார்க்க அவளை வேனில் கூட்டிப்போன ஓட்டுநர் பிச்சையா.

திரும்பி வரும்போது அவள் வழக்கம்போல் முன்னிருக்கையில் உட்காரவில்லை. பின்னால் போய் உட்கார்ந்தாள். ஓட்டுநருக்கு மேலே இருந்த கண்ணாடியில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"பிச்சையா, தயாபரனோட டிரைவர் உங்களுக்குச் சொந்தம்தானே?"

"சம்சாரத்து வழியில தூரத்துச் சொந்தம்மா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. டீக்கடையில உக்காந்தா நாலு விசயம் பேசத்தானே செய்வீங்க."

பிச்சையா வேனை ஓரங்கட்டினார். திரும்பிப் பார்க்காமலே கேட்டார்: "எதைப் பேசிட்டேன்னு நினைக்கிறீங்க?"

"என் மனை விசயம்."

அவர் ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்தார். "நீங்க அந்த எடத்துல நின்னு கண்ணு கலங்குனீங்க. அதைப் போயி டீக்கடையில பேசுவனா?" என்றார். பிறகு வண்டியை எடுத்தார். நிலையம் வரும்வரை ஒரு வார்த்தை இல்லை.

எஸ்தருக்கு மனம் ஆறவில்லை. அவர் பேசாததையும் அவள் சந்தேகக் கணக்கிலேயே வைத்தாள். தயாபரன் போன தீபாவளிக்கு அலுவலகக் கண்காணிப்பாளரிடம் அல்வா டப்பா கொடுத்ததை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். இருவழிக்காட்டியை யாரும் அசைக்க முடியாது என்பார்கள். அசைக்க முடியாத பொருளை இந்த மாவட்டத்தில் அவள் இதுவரை கண்டதில்லை.

அன்றே கடிதம் எழுதினாள். பொருள், பார்வை, நாள், இணைப்பு எல்லாம் பிசகாமல், 'தராவிட்டால்' பக்கத்துக் கணிப்பை நேரில் காண அனுமதி கோரி. ஏழாம் நாள் முதல் நினைவூட்டு. பதினான்காம் நாள் இரண்டாம் நினைவூட்டு. மூன்றாவதற்கு உறை ஒட்டும்போது, வியாழக்கிழமை வரச்சொல்லிப் பதில் வந்தது.

கண்காணிப்பாளர் முத்துவேலாயுதம் கதவைச் சாத்திவிட்டுத் திரையைப் போட்டார். இடப்பக்கம் 'தந்தால்'. வேன் ஓடியது. குழந்தைகள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து உதட்டைக் குவித்து ஒலி பழகினார்கள். வலப்பக்கம் 'தராவிட்டால்'. அங்கும் வேன் ஓடியது. அதே குழந்தைகள், அதே கண்ணாடி.

"ரெண்டும் ஒண்ணாத்தானே சார் இருக்கு?"

"அதான்மா பூஜ்யம்." வலப்பக்கப் படத்தை அவர் பின்னோக்கி நகர்த்தினார். "முதல் வருசம் தரலை. உங்க சேமநிதியில கடன் எடுத்தீங்க. போன வருசம் தரலை. வளையலை வித்தீங்க. இந்த வருசம் மனை."

"மனை விசயத்தை யார் சொன்னது? தயாபரனா?"

"யாரும் சொல்லலை. பிப்ரவரியில வில்லங்கச் சான்றுக்கு மனு போட்டீங்கல்ல? சும்மா இருக்கற மனைக்கு எவரு வில்லங்கம் பாப்பாரு?"

எஸ்தருக்குப் பிச்சையாவின் முதுகு நினைவுக்கு வந்தது. இந்த மூன்று வாரமும் அவருக்கு அவள் காலை வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"அதை விட முக்கியமானது இது," என்று ஒரு பட்டியலைத் திறந்தார். பதினோரு ஆண்டுகளில் அவள் எழுதிய கடிதங்கள். ஒவ்வொன்றின் கடைசி வரியும் மஞ்சளாக ஒளிர்ந்தது. 'உதவி கிடைக்கப்பெறாவிடினும் குழந்தைகளின் பயிற்சி ஒருநாளும் நிற்காது என உறுதி கூறுகிறேன்.' அதிகாரிகளுக்கு நம்பிக்கை வரட்டும் என்று அவள் தேடிப்பிடித்த வரி. அது இல்லாமல் அவள் ஒரு கடிதத்தையும் முடித்ததில்லை.

"எல்லா மனுவிலயும் எல்லாரும் ஏதாவது உறுதி சொல்லுவாங்கம்மா. மிஷின் அதையெல்லாம் சரிபாக்கும். சொன்னபடி நடந்தது உங்க ஒருத்தரோடதுதான்."

"அப்போ தயாபரன்?"

"அவருக்கு மானியம் நின்னா மறுநாளே பூட்டுப் போட்டுருவாரு. பிள்ளைங்க சூளைக்கே போயிரும். அது நூத்துக்கு நூறு உறுதி. அதான் எண்பத்தொண்ணு."

"அல்வா?"

"வாங்கினேன், மறைக்கலை. மிஷின் அல்வா திங்காது." அவர் திரையை அணைத்தார். "காயிற வயலுக்குத்தானம்மா தண்ணி விடணும்? உங்க வயல் எப்படியாவது நனைஞ்சிருதே. நியாயமாத்தான் சொல்லுது."

எஸ்தர் அந்த வரியை எடுத்துவிட்டுப் புது மனு எழுதினாள். 'உதவி கிடைக்காவிட்டால் ஜூன் முதல் நாள் நிலையம் மூடப்படும்.' இருவழிக்காட்டி மூன்று நொடியில் பதில் தந்தது. பூஜ்யம். பக்கத்தில் ஒரு குறிப்பு: 'மனுதாரர் கூற்று நம்பத்தக்கதன்று.'

மானம் வெட்கம் பார்க்காமல் அவள் தயாபரன் அலுவலகத்துக்கும் போனாள். நாற்பத்து மூன்று குழந்தைகளையும் அவர் பெயரில் சேர்த்துக்கொள்ளச் சொன்னாள். வேன், ஆசிரியர்கள், கண்ணாடி எல்லாம் தருவதாகச் சொன்னாள்.

"தாராளமா சேத்துக்கலாம் மேடம். ஆனா நீங்க?"

"நான் சும்மா கூட இருந்து பாத்துக்கிறேன். சம்பளம் வேண்டாம்."

தயாபரன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "ஐயையோ, அது மட்டும் வேண்டாம். நீங்க பக்கத்துல இருந்தா எனக்கும் முட்டைதான் விழும். வேற மாவட்டத்துக்குக் குடிபோயி, இந்தப் பிள்ளைங்களை மறந்துருவேன்னா சொல்லுங்க, நாளைக்கே கையெழுத்துப் போடறேன்."

அவள் வெளியே வந்தபோது பிச்சையா வேனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அன்று அவள் முன்னிருக்கையில் ஏறினாள்.

"ஜூன்ல மனையை விப்பேன்னு மிஷின் சீட்டுல வந்திருந்துச்சு. அதைச் சொன்னது நான்தான், பிச்சையா. வில்லங்கம் போட்டு நானே சொல்லியிருக்கேன்."

"அதுக்குள்ள மூணு வாரம் என்னைப் பின்கண்ணாடியிலயே பாத்துட்டு வந்தீங்க," என்றார் அவர். பிறகு, "மன்னிப்பெல்லாம் கேக்காதீங்கம்மா, வண்டி ஓட்ட வராது. எங்க போகணும்?"

"பத்திரப் பதிவு அலுவலகம்."

"ஜூன்லதானே விப்பீங்கன்னு போட்டிருந்துச்சு?"

"அதுக்குத்தான் இப்பவே போறோம். ஒரு மாசமாவது அது தப்பாச் சொன்னதா இருக்கட்டும்."

வேன் ஓடியது. மாரிச்செல்வி என்ற ஆறு வயதுப் பெண் ஜூலையில் 'ப'வைப் பிடித்தாள். பிச்சையாவைப் பார்த்து "பா" என்றாள். அவர் தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார்.

ஆகஸ்டில் ஒரு காலை, முத்துவேலாயுதம் நிலையத்துக்கு வந்தார். எஸ்தருக்கு உடனே சந்தேகம் தட்டியது. ஆய்வுக்கா, இல்லை வேனையும் பறிக்கவா? அவர் கையில் அல்வா டப்பா இருந்தது. அது இன்னும் சந்தேகத்தைக் கூட்டியது.

"ஒரு மாசம் முந்தியே மனையை வித்துட்டீங்களாமே," என்று நாற்காலியில் உட்கார்ந்தார். "மிஷின் அதையும் குறிச்சுக்கிட்டுது. அடுத்த வருசம் உங்களை இன்னும் நம்பும்."

"அதைச் சொல்லவா வந்தீங்க?"

"இல்லம்மா." டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். அவளுக்கு நன்றாகப் பழகிய சீட்டு. "நிதித்துறை இப்ப எங்களுக்கும் அதை வெச்சிட்டாங்க. சம்பள உயர்வு தந்தா எப்படி வேலை பாப்போம், தராட்டா எப்படிப் பாப்போம்னு. எங்க ஆபீசுல பாதி நாள் நாற்காலியிலயே இருக்காத ஆளுக்கு எழுபது. எனக்கு..."

சீட்டை அவள் பக்கம் நகர்த்தினார். எஸ்தர் பார்த்தாள். பூஜ்யம்.

"மகளுக்குக் கல்யாணம் வெச்சிருக்கேன். உங்களை மாதிரி கடிதம் எழுத ஆளில்லன்னு எனக்குத் தெரியும். எனக்காக ஒரு மேல்முறையீடு எழுதித் தாங்கம்மா. அந்தக் கடைசி வரி மட்டும் வேண்டாம்."

எஸ்தர் வெள்ளைத்தாளை எடுத்தாள். பொருள், பார்வை என்று எழுதிக் கோடு போட்டாள். பிறகு நிமிர்ந்தாள்.

"ஒரே ஒரு கேள்வி. இந்த உயர்வு வரலன்னா நாளையிலிருந்து ஆபீசுக்குப் போகாம இருப்பீங்களா?"

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போய்விட்டது. ஒன்பது நாற்பது.

"அது எப்படிம்மா," என்று எழுந்து பையை மாட்டினார். "பத்து மணிக்கு மனுவோட வந்து நிப்பாங்களே."

எஸ்தர் பேனாவை மூடி வைத்தாள்.