ஆனைமடுவில் ஒரு தாய்க்கெண்டை

ஆடி பிறந்தும் ஆற்றில் தண்ணீர் வரவில்லை. அதனால் அந்த மூன்று பேரும் ஆற்றுக்குள்ளேயே இறங்கி மலையை நோக்கி நடந்தார்கள்.

முன்னால் போனவள் பூங்கொடி, அரசு மருத்துவமனைச் செவிலி. அடுத்து லேத் பட்டறை மயில்சாமி, தோளில் தார்ப்பாய். கடைசியில் செல்போன் கடை ஜலீல், முதுகில் தகரப் பேசினும் கொசுவலையும். ஆற்றைக் காக்கும் இவர்களுடைய குழு, அருகிவரும் பூமீன் கெண்டை என்ற மீனின் குஞ்சுகளைக் கீழே ஊர்ப்பக்கம் இரண்டு முறை விட்டிருந்தது. ஒருமுறை சாயக் கழிவு வந்தது. மறுமுறை வெடி போட்டு மீன் பிடித்தார்கள். எதுவும் மிஞ்சவில்லை. சலித்துப்போய்ப் பாதிப் பேர் குழுவுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

இப்போது மலைக்குள் வற்றிக்கொண்டிருக்கும் ஆனைமடுவில், முட்டை சுமந்த பெரிய கெண்டை ஒன்று மாட்டிக்கிடப்பதாக வனக்காவலர் சொன்னார். அதை உயிரோடு தூக்கி மேலே உள்ள ஊற்றோடையில் விட வேண்டும்.

"இதுவும் செத்துப்போச்சுன்னா நான் இனி வரமாட்டேன் அம்மணி" என்றார் மயில்சாமி.

"பாக்கலாமுங்கண்ணா" என்றாள் பூங்கொடி. அவளுக்கும் அதே எண்ணம்தான்.

வெயில் ஏறியபோது மடுவை அடைந்தார்கள். ஆனால் அங்கே யானைகள் நின்றன. மூவரும் சத்தமில்லாமல் பாறைமேல் ஏறிப் படுத்தார்கள். குட்டியொன்று நீரில் புரண்டு எழுந்தது. இருந்த கொஞ்ச நீரும் சேறாகக் குழம்பியது.

"அக்கா, தகரத்தத் தட்டி வெரட்டலாமா?" என்று கிசுகிசுத்தான் ஜலீல்.

"குட்டியோட நிக்குது. அதுகளுக்கும் தண்ணி வேணுமல்ல. பேசாம இரு."

யானைகள் போன பிறகு இறங்கி ஓடினார்கள். சேற்றில் ஒரு கை நீளக் கெண்டை மல்லாந்து கிடந்தது. செவுள் ஒருமுறை திறந்தது, பிறகு திறக்கவில்லை. மயில்சாமி தலையில் கைவைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பூங்கொடி மீனின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். மெத்தென்றிருந்தது.

"அண்ணா, எந்திரிங்க. முட்டைக்கு இன்னும் உசிரிருக்கும். ஜலீலு, பேசினை நல்லாத் தொடைச்சிரு. ஒரு சொட்டுத் தண்ணி இருக்கக் கூடாது, முன்னாடியே பட்டா முட்டை வீணாப்போயிரும்."

மீன் பண்ணையில் பயிற்சி எடுத்தபோது பார்த்ததை நினைவில் கொண்டுவந்து, வயிற்றை மெல்ல வழித்துவிட்டாள். மஞ்சள் முட்டைகள் பேசினில் சரிந்தன. மயில்சாமி ஆண் மீனைத் தேடி இடுப்பளவு சேற்றில் துழாவி, துள்ளிய ஆண் கெண்டை ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். அதன் விந்துப் பால் முட்டைகள்மேல் வழிந்தது. கரையில் கிடந்த மயிலிறகால் கிளறி, குடிக்க வைத்திருந்த தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றினாள். ஆண் மீனை ஈரத் தார்ப்பாயில் சுற்றினார்கள்.

அதன் பிறகுதான் ஏற்றம். பேசின் குலுங்கக் கூடாது. வழுக்கும் பாறைகளில் ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாற்றி மாற்றி ஏறினார்கள். தாகத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஊற்றோடை வந்ததும் ஆண் கெண்டையை விட்டார்கள். சற்றுத் தயங்கி நின்றுவிட்டு, அது ஆழத்துக்குப் போனது. மூங்கிலில் கொசுவலையைக் கட்டி, முட்டைகளை ஓடுநீரில் பரப்பினார்கள்.

ஜலீல் செய்தி சொல்லக் கீழே இறங்கினான். மற்ற இருவரும் காவல் இருந்தார்கள். நாளுக்கு நாள் முட்டைகள் வெளுத்துக் கெட்டன. கெட்டவை நல்லவற்றையும் கெடுத்துவிடும் என்பதால், குனிந்து மயிலிறகால் ஒதுக்கி ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டார்கள். பாதிக்கு மேல் போய்விட்டது.

ஒரு காலையில் மயில்சாமி அவளைத் தட்டி எழுப்பினார். வலைக்குள் நூல் துண்டுகளைப்போல ஏதோ துடித்தன. பூங்கொடி குனிந்து பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரும்புள்ளிக் கண்கள்.

"பொரிச்சிருச்சுங்கண்ணா" என்றாள்.

அன்று மதியம் ஜலீல் திரும்பினான். அவனுக்குப் பின்னால், குழுவை விட்டுப் போயிருந்த ரங்கநாயகியும் வேறு சிலரும் அரிசி மூட்டையோடு ஏறி வந்தார்கள். ரங்கநாயகி வலையருகே குந்தி வெகுநேரம் பார்த்தாள்.

"நீங்க போய்த் தூங்குங்க. இனி எங்க முறை" என்றாள்.

ஆற்றைக் காக்கச் சோராத மனிதர்கள் தேவையில்லை. சோர்ந்தவர் கையிலிருந்து வாங்கிக்கொள்ள இன்னொரு கை இருந்தால் போதும். பூங்கொடி மயிலிறகை ரங்கநாயகியிடம் கொடுத்துவிட்டு, மயில்சாமியின் தோளைப் பிடித்தபடி கீழே இறங்கத் தொடங்கினாள்.