மலை எழுப்பியவளுக்கு விழுந்த சில்லுகள்

அலைமேட்டுத் துறையில், ஊரார் பெயர் எழுதிப் போட்ட பானைச் சில்லுகளை எண்ணி முடித்தபோது, ஆறாயிரத்துக்கு மேற்பட்டவற்றில் ஒரே பெயர் இருந்தது: நப்பின்னை. அவளுக்குச் சுரீரென்றது. செவ்வாய்க் கோளில் இந்த ஊரையும் சுற்றியிருக்கும் மலைகளையும் உண்டாக்கியதே அவள்தான்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இங்கே இருந்தது ஒரே சமவெளி. அதைப் பிடித்தவன் எல்லாரையும் பிடித்தான். மூன்று சர்வாதிகாரிகள் வந்து போனார்கள். அப்போதுதான் பொறியாளர் நப்பின்னை பழைய கிரேக்கத்தின் வரைபடத்தை மன்றத்தில் விரித்தாள். அரண்மனை கட்டி ஆண்டவர்கள் அழிந்தபின், அங்கே மலைகள் பிரித்து வைத்த பள்ளத்தாக்குகளில் நகரங்கள் தனித்தனியே தலையெடுத்தன. ஏதென்சுக்கு ஒரு சட்டம், ஸ்பார்ட்டாவுக்கு வேறொன்று. மொழியும் சாமியும் ஒன்று, கடல்வழி வணிகமும் உண்டு. ஆனால் ஒரே ஆள் எல்லாரையும் அடக்குவது லேசில்லை.

"மலையை நான் எழுப்பித் தர்றேன். அப்புறம் எவன் ராசாவா வர்றான்னு பார்ப்போம்" என்று அடித்துச் சொன்னாள்.

சொன்னபடியே செய்தாள். நிலத்தடிப் பாறையைச் சூடாக்கி மடித்து மேலே தள்ளவும் திரும்ப அமிழ்த்தவும் வல்ல மலையெழுப்பி எந்திரத்தால் ஏழு பள்ளத்தாக்குகளை வகுத்தாள். முன்னாலிருந்த தாழ்நிலத்தில் நீர் நிரப்பிக் கடலாக்கினாள். ஏழும் ஏழு நகர அரசுகளாயின. அவற்றில் கல்வேலிக்காரர்கள் நாள் முழுக்கக் கவாத்து பழகினார்கள். அலைமேட்டுக்காரர்களோ வாய் ஓயாமல் விவாதித்தார்கள். அவளுக்குப் பிடித்தது இந்த வாயாடி ஊர்தான். இங்கேயே வீடு கட்டிக்கொண்டு, ஏதென்ஸ் வழக்கம் ஒன்றையும் சட்டத்தில் சேர்த்தாள்: அளவுக்கு மீறி வளர்ந்துவிட்ட ஆளின் பெயரைச் சில்லில் எழுதி, பத்து ஆண்டு வெளியே அனுப்பலாம். யாராவது ஒரு தடியன் சிக்குவான் என்றுதான் எண்ணியிருந்தாள்.

"நான் என்னய்யா தப்பு பண்ணினேன்?" என்று இப்போது துறையில் நின்று கேட்டாள்.

கொங்குப் பக்கத்திலிருந்து குடியேறிய அவைத்தலைவர் செங்கோடன் கைகூப்பினார்.

"தப்புப் பண்ணீருந்தா கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருப்போமுங்க அம்மணி. ஊடு வாசலெல்லாம் உங்களுதுதான், நாங்க பார்த்துக்கறோம். ஆனா மலையெழுப்பிச் சாவி உங்ககிட்ட இருக்குதுங்களே. நாளைக்கு உங்களுக்கொரு கோவம் வந்தா அத்தனையும் மறுபடி சமவெளிதானுங்க."

இந்த நொடியே அப்படிச் செய்தால் என்ன என்று அவளுக்கு உண்மையாகவே தோன்றியது. தோன்றியதற்காக வெட்கப்பட்டாள். கழுத்தில் தொங்கிய சாவியைக் கழற்றி நீட்டினாள்.

"அப்ப நீங்களே வெச்சுக்குங்க."

செங்கோடன் இரண்டடி பின்வாங்கினார். "ஐயோ, வேண்டாமுங்க! அடுத்த வருசம் எம்பேரைத்தான் எழுதுவாங்க."

கூட்டத்தில் ஒரு கைகூட நீளவில்லை. நப்பின்னை சாவியைத் துறைக்கல்லில் வைத்து, பக்கத்தில் கிடந்த படகு நங்கூரத்தால் ஓங்கி அடித்தாள். அது தூள்தூளானது. உலகத்தில் அதற்கு மறுசாவி கிடையாது.

"இனி நானும் உங்களை மாதிரி ஒருத்திதான். இங்கேயே இருந்துக்கறேனே" என்றாள்.

செங்கோடனின் முகம் வெளிறியது. பின்னால் ஆறேழு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை நோக்கிக் கும்பிடத் தொடங்கியிருந்தார்கள்.

"இப்பத்தானுங்க நெசமான ஆபத்து" என்றவர், அவளை ஏற்றிப்போகக் காத்திருந்த படகுக்காரன் பக்கம் திரும்பிக் கத்தினார்: "சீக்கிரம் படகை எடுப்பா!"