சிலுவைதாசன் மகளின் விலை

பெரிய பலகையில் மெர்ஸ்லினின் விலை மூன்று கோடியிலிருந்து நாற்பது லட்சத்துக்குச் சரிந்ததும், சிலுவைதாசன் மேசையில் ஓங்கித் தட்டினார்.

"என்ன வே இது? தாசையன் மவளுக்கு ஒம்பது கோடி. அவளுக்கு எடது காலால பந்தத் தொடவே தெரியாது. எனக்க மவ ஒரு சீசன்ல முப்பத்தோரு கோல் அடிச்சவ!"

தேசிய வீரர் சந்தையின் மதிப்பீட்டாளர் முகிலன் திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. "கோலுக்குத்தான் மூணு கோடி சார். நீங்க குடுத்த குடும்ப ஏடு கீழ இழுத்துடுச்சு."

அந்த ஏட்டை யாரும் கேட்கவில்லை. நாலு தலைமுறையும் தங்கள் கடற்கரை ஊரின் ஒரே அணிக்கு ஆடியதை உலகம் அறியட்டும் என்று அவரே வலியக் கொண்டுவந்து கொடுத்தது.

"எனக்க குடும்பத்துல ஒருத்தனும் அணி மாறினதில்ல. அது கொறையா?"

"வாங்குற கிளப் மறுபடி விக்கத்தானே வாங்குது? நகர மாட்டேன்னு நிக்கிற ஆளை எங்க விக்கிறது? விலை போடுற மெஷின் அதைத்தான் கழிக்குது."

ஐம்பது லட்சத்துக்குக் கீழே முடிந்தால் மூன்று வருடம் சந்தைப் பக்கமே வர முடியாது. மிச்சம் நான்கு நிமிடம். பின்வரிசையில், யார் குடும்பம் பெரிது என்று அவரோடு எப்போதும் மல்லுக்கு நிற்கும் தாசையனின் ஆட்கள் சிரித்தார்கள்.

"பாப்பா அந்த ஏட்டை மறுத்துப் பேசலாம்," என்றான் முகிலன். "கையில இருக்கிற வளையம் நாடியைப் படிக்கும். பொய்யின்னா விலை நகராது."

சிலுவைதாசன் மகளின் காதருகே குனிந்தார். "இரும்புக்கு என்ன தெரியும்? வாயில வந்தத சொல்லு மக்களே. என்னையே வேணும்னாலும் திட்டு. மானம் போவக் கூடாது."

மெர்ஸ்லின் பலகையையே பார்த்தாள். "எனக்கு அந்த அணி வேண்டாம்."

ஒரு கோடி.

"அந்தக் கரையே வேண்டாம். யாரு கூப்பிட்டாலும் போவேன்."

ஐந்து கோடி.

சிலுவைதாசன் தொடையில் தட்டிக்கொண்டார். "பாத்தீரா வே! உம்ம மெஷின ஏமாத்திட்டா!"

முகிலன் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தான். "அதை ஏமாத்த முடியாது சார்."

"கால் எலும்பு முறிஞ்ச அன்னைக்கும் என்னை ஆட வச்சாரு, குடும்ப மானம்னு," என்றாள் மெர்ஸ்லின். குரல் உயரவில்லை. "இனி இவரு மொகத்துல முழிக்க மாட்டேன்."

பலகை பதினோரு கோடியில் நின்றது. சந்தை தொடங்கிய நாள்முதல் யாருக்கும் ஏறாத விலை. மண்டபமே எழுந்து கைதட்டியது. தாசையன் எழுந்து வந்து, அசையாமல் நின்ற சிலுவைதாசனின் கையை எடுத்துக் குலுக்கினார்.

"பெரிய குடும்பந்தான் வே. ஒத்துக்கிடுதேன்."