அரண்மனை எரிந்த அன்று பிறந்த பிள்ளை

அந்தி மணி அடித்துக்கொண்டிருந்தது. ரியால்தோ சந்தையில் மிளகுத் தரகு பார்த்து ஓய்ந்த லுனார்தோ, வெனிஸில் கடிகாரம் வைத்திருக்கும் எல்லோரையும் போலவே, பழைய நாளை முடித்து, புது நாளின் தொடக்கத்துக்கு முள்ளைத் திருப்பி, சாவி கொடுத்துக்கொண்டிருந்தார். அப்போது படகோட்டி பொர்தொலோ ஒரு பெண்ணைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தான். அவள் மேலங்கிக்குள் ஒரு கைக்குழந்தை.

"புள்ள பெத்த உடம்பு, கட்டிலை விட்டு எறங்கக் கூடாதுன்னேன்ணே. 'நீ துடுப்பைப் போடு, வாயைப் போடாதே'ன்னுட்டாங்க."

"உன்னைப் பத்தி நல்லாத் தெரிஞ்சு வெச்சிருக்காங்க. உக்காரும்மா" என்றார் லுனார்தோ.

அவள் ஓர்செத்தா, மெழுகு வியாபாரி ஜிரோலமோவின் மனைவி. மூன்று நாளாக அவருடைய விதவை. அந்த 1577ஆம் வருஷத்தில் கொள்ளைநோய் ஒருவழியாக ஊரைவிட்டுப் போயிற்று. நவம்பரில் மேற்கு வானத்தில் வால்நட்சத்திரம் வந்து உட்கார்ந்தது. டிசம்பரில், மூன்று நாளைக்கு முன், ஆட்சித்தலைவரின் அரண்மனை தீப்பிடித்தது. பால் திரிந்தாலும் பழியை வால்நட்சத்திரத்தின் தலையில் போடுவது ஊர் வழக்கமாகிவிட்டிருந்தது. ஓர்செத்தா மட்டும் கணவருடைய அண்ணன் மகன் வெத்தோரின் தலையில் போட்டாள்.

"'நான் உசிரோட இருக்கறப்ப பொறக்கற பிள்ளைக்குத்தான் வீடும் கிடங்கும். நான் போனப்புறம் பொறந்தா எல்லாம் வெத்தோருக்கு'ன்னு எழுதி வெச்சிருக்காருய்யா. பாக்காத சரக்குக்கு வெல சொல்லமாட்டேன்னு சந்தையில சொல்லிச் சொல்லி, அதையே பத்திரத்துலயும் எழுதிட்டாரு."

"பிள்ளை எப்பப் பொறந்தான்?"

"அரண்மனைக்குத் தீ மணி அடிக்கறப்ப, பொழுது சாயறதுக்கு முன்னாடி. தெருவுக்கே தெரியும். அவரு வாய்க்காலுக்கு எதிர்ப்பக்கம் கிடங்கு அறையில இருந்தாரு. கூட வெத்தோர் மட்டுந்தான். மத்தவங்க எல்லாம் தீயை வேடிக்கை பாக்க ஓடிட்டாங்க. மருத்துவச்சி மெனேகா சன்னல்லேர்ந்து 'ஆம்பளப் புள்ள'ன்னு கத்தினா. பதிலே வரல. இருட்டி வெகு நேரம் கழிச்சு வெத்தோர் வந்து, 'சித்தப்பா மத்தியானம் சாப்பிட்ட கையோட போயிட்டார், படகு கெடைக்காம பொணத்தோட உக்காந்திருந்தேன்'னான். பதில் வராததுக்கு அதான் காரணமாம்."

நாளைக்கு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். பத்திரகாரர் அன்சோலோ நாளையே சாவிக்கொத்தை வெத்தோரிடம் ஒப்படைத்துவிடுவார். அதன் பிறகு பனிக்காலத்தில் பிள்ளையோடு எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. சந்தையில் கணக்குச் சிக்கல்களை அவிழ்ப்பவர் லுனார்தோ என்று பொர்தொலோ சொல்லித்தான் வந்திருந்தாள்.

அவள் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிறு சாவி தொங்குவதை லுனார்தோ பார்த்தார்.

"கிடங்கு அறையில இருக்கற கடிகாரத்தோட சாவி. யாரையும் தொட விடமாட்டார். உடம்பைக் குளிப்பாட்டறப்ப அவரு கழுத்துல இருந்துச்சுன்னு எங்கிட்டக் குடுத்தாங்க."

மறுநாள் காலை படகில் போகும்போதே பொர்தொலோ வழக்கை முடித்துவிட்டான். "வெஷம்ணே. மருத்துவச்சியும் வெத்தோரும் கூட்டு."

"மருத்துவச்சி பிரசவக் கட்டில்கிட்டதானே இருந்தா?"

"அதான்ணே சூது."

கிடங்குச் சுவரை ஒட்டி ஜொர்ஜியின் ரொட்டிக்கடை. பொர்தொலோ வாங்கிய ரொட்டி நடுவில் மாவாக இருந்தது. "இதைத் தின்னா கொள்ளைநோய் திரும்பி வந்துடும்யா" என்றான்.

"பக்கத்துக் கிடங்கு கடிகாரம் நின்னு போனா நான் என்ன பண்றது? அது அடிக்கறதை வெச்சுத்தான் அடுப்பைத் தெறப்பேன். தீப்பிடிச்ச மறுநாள் சாயங்கால ரொட்டி வரைக்கும் சரியா வந்துது. அன்னிக்கு ராத்திரியே சத்தம் போச்சு. அன்னியிலேர்ந்து ஒண்ணு கரி, இல்லன்னா களி."

லுனார்தோ இன்னொரு ரொட்டி வாங்கினார். வேகாத ரொட்டிக்கு அவர் பேரம் பேசாமல் காசு கொடுத்ததைப் பார்த்து பொர்தொலோ திகைத்துப் போனான்.

பிற்பகலில் எல்லோரும் கிடங்கு அறைக்கு வந்தார்கள். இறந்த இரவே உடலை வெளியே எடுத்ததும் தான் வைத்த அரக்கு முத்திரையை அன்சோலோ உடைத்துக் கதவைத் திறந்தார். மெழுகு வாசனை. சுவரில் கடிகாரம் நின்றிருந்தது. ஓர்செத்தா பிள்ளையோடு ஓரமாக உட்கார்ந்தாள். மாவு படிந்த கைகளோடு ஜொர்ஜி வாசலை அடைத்து நின்றான். வெத்தோர் ஆக்ஸ்பர்க்கில் பதினெட்டு வருஷம் இருந்து இந்த இலையுதிர் காலத்தில்தான் திரும்பியவன். ஜெர்மன்காரர் பாணித் தொப்பியைக் கழற்றாமல் நின்றான்.

"சித்தப்பா எந்த நேரம் போனார் தம்பி?" என்று கேட்டார் லுனார்தோ.

"எத்தனை தரம் சொல்றது? சாப்பாட்டுக்கு அப்புறம். தீ மணிக்கு ரொம்ப முன்னாடி."

"அதுக்கப்புறம் இந்த அறையில எதையாவது தொட்டியா?"

"கண்ணை மூடிவிட்டேன். வேற எதையும் தொடல. சிலுவை மேல சத்தியம் பண்ணியாச்சு, பத்திரகாரரைக் கேளுங்க."

"கடிகாரத்தைக்கூடத் தொடல?"

"அதை நான் எதுக்குத் தொடறேன்? சாவி அவர் கழுத்துல."

"அன்சோலோ, இதைக் குறிச்சுக்குங்க" என்றார் லுனார்தோ. "இந்தக் கடிகாரம் ஒரு தரம் சாவி கொடுத்தா எவ்வளவு ஓடும்?"

"ஒரு பகல், ஒரு ராத்திரி. மேல கொசுறா கொஞ்ச நேரம். என் வீட்டிலயும் இதே மாதிரிதான்."

"ஆனா அரண்மனை எரிஞ்ச மறுநாள் சாயங்காலம் வரைக்கும் இது அடிச்சிருக்கு. ஜொர்ஜியோட ரொட்டியே சாட்சி. மத்தியானமே செத்துப்போனவர் கடைசியா சாவி கொடுத்தது அதுக்கு முந்தின அந்தியில. அப்படின்னா தீப்பிடிச்ச அன்னிக்கு ராத்திரியே இது நின்னிருக்கணும்."

வெத்தோர் தயங்கவில்லை. "அன்னிக்குக் காலையில சாவி கொடுத்தாரு. ரொட்டி தின்னுட்டு, வாயைத் துடைச்சுட்டுப் போய்த் திருகினாரு. என் கண்ணால பார்த்தேன்."

முதலில் சிரித்தவன் ஜொர்ஜிதான். "காலையிலயா? எந்த ஊர்லய்யா?"

"ஆக்ஸ்பர்க்கில" என்றார் லுனார்தோ சாவகாசமாக. "அங்க நடுராத்திரியிலயும் நடுப்பகல்லயும் மணியை எண்ண ஆரம்பிப்பாங்க. எப்ப வேணும்னாலும் சாவி கொடுக்கலாம். இங்க நாளே அந்தியில பொறக்குது. முள்ளைத் திருப்ப எப்படியும் கடிகாரத்துக்கிட்டப் போகணும், போன கையோட சாவியும் கொடுத்துடறது. ஜிரோலமோ அறுபது வருஷம் வெனிஸ்காரர். ஒரு நாளும் அந்தி மணிக்கு முன்னாடி அவர் அந்தச் சாவியைக் கையில எடுத்திருக்கமாட்டார். சரி, உன் பேச்சுப்படி காலையிலயே கொடுத்தார்னு வெச்சுக்குவோம். அப்பவும் மறுநாள் சாயங்காலம் வரைக்கும் ஓடாது. அன்னிக்கு அந்தி மணிக்கு அவர் உயிரோட நின்னு, இதே இடத்துல சாவி கொடுத்திருக்கார். பிள்ளை பொறந்தது தீ மணிக்கு, அதுக்கு முன்னாடி."

அன்சோலோ சாவிக்கொத்தை மேஜையில் வைத்து, வெத்தோருக்கு எட்டாத தூரத்துக்கு நகர்த்தினார். "சத்தியத்தை மாத்திச் சொல்றதுன்னா இப்பவே சொல்லுங்க."

வெத்தோர் தொப்பியைக் கழற்றினான். "நான் அவரை ஒண்ணும் பண்ணல. தானாத்தான் போனார். நேரத்தை மட்டுந்தான் மாத்தினேன்."

ஓர்செத்தா கேட்டாள்: "மெனேகா கத்தினது அவர் காதுல விழுந்துதா?"

வெத்தோர் தொப்பியை மேஜையில் வைத்தான்.

"விழுந்துது சித்தி. சன்னல்கிட்டப் போய் பதில் சொல்லுங்கன்னேன். 'பாக்காத சரக்கைப் பத்தி நான் என்னத்தடா சொல்றது? அந்தி மணி அடிக்கட்டும், சாவி கொடுத்துட்டு நேர்ல போய்ப் பாக்கறேன்'னார். சொல்லிட்டு சிரிச்சார். சாவி கொடுத்தார். செருப்பை மாட்டறதுக்கு நாற்காலியில உக்காந்தார்."

அவன் நாற்காலியைக் காட்டினான். நாற்காலியின் அடியில் ஒரு ஜோடி தெருச் செருப்பு கால் நுழையாமல் கிடந்ததை அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

வெளியே அந்தி மணி அடித்தது. ஓர்செத்தா பிள்ளையைப் பொர்தொலோவின் கையில் கொடுத்துவிட்டு, கழுத்திலிருந்த கயிற்றைக் கழற்றினாள். கடிகாரம் அவளுக்கு எட்டவில்லை. வெத்தோர்தான் முக்காலியை நகர்த்திப் போட்டான். அவள் ஏறி, முள்ளைத் தொடக்கத்துக்குத் திருப்பி, சாவியை நுழைத்தாள்.

பிள்ளை பொர்தொலோவின் மீசையைப் பிடித்து இழுத்தது. அவன் வாயைத் திறக்கவில்லை.